மேலே இருக்கிறவர்களின் பங்கு

தம்பி,

இந்தத் தாளின் உச்சியில் ஒரு சொல்லுக்கு இடம் விட்டுவிட்டுத்தான் தொடங்கியிருக்கிறேன். நீ சைகோனுக்குக் கப்பல் ஏறிய நாளிலிருந்து உனக்கு எழுதிய கடிதம் எல்லாவற்றையும் 'சிரஞ்சீவி' என்றுதான் ஆரம்பித்தேன். யோசித்து எழுதியதில்லை. பிள்ளைக்கு எழுதினால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று வாத்தியார் பழக்கிவிட்ட கை. சாவில்லாமல் வாழ்கிறவன் என்று அதற்கு அர்த்தம் இருப்பது இன்றைக்குத்தான் உறைத்தது. பேனா அங்கேயே நின்றுவிட்டது. சரி, மற்றதை எழுதுவோம், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கீழே இறங்கி வந்துவிட்டேன்.

முதலில் நல்ல சேதி. உன் தங்கச்சிக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளைக்குக் கரையாம்புத்தூர். நம்மைப் போல நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பம். பையன் அதிகம் பேசமாட்டான், நன்றாகச் சாப்பிடுகிறான். அவள் அழாமல்தான் வண்டி ஏறினாள். ஏறி உட்கார்ந்த பிறகு தெருவின் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். யாரைத் தேடுகிறாள் என்று எனக்கும் தெரியும், பக்கத்தில் நின்ற உன் அம்மாவுக்கும் தெரியும். நாங்கள் இருவரும் வண்டி மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மாப்பிள்ளைக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டியவன் நீ. உன் இடத்தில் உன் சித்தப்பன் மகன் செய்தான். நல்ல பிள்ளைதான், குறை சொல்லக் கூடாது. ஆனாலும் அவன் அந்த மாலையை எடுத்தபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சண்டை ஆரம்பித்த பிறகு உன் கடிதம் நின்றது. எங்களைப் போலப் பாகூரிலும் வில்லியனூரிலும் எத்தனையோ வீடுகளில் நின்றது. சண்டை முடிந்து கப்பல்கள் வரத் தொடங்கியதும், சைகோன் கப்பல் என்று யார் சொன்னாலும் வண்டியைக் கட்டிக்கொண்டு புதுச்சேரிக்குப் போய் நின்றேன். இறங்கி வருகிற முகங்களைப் பார்ப்பது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. ஒருமுறை வில்லியனூர்க்காரர் ஒருவர் இறங்கினார். நீ கணக்கு எழுதிய அதே துறைமுகத்தில் இருந்தவர். உன் பேரைச் சொன்னதும் என் தோளைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். "கெடங்கு மேல குண்டு விழுந்துதுங்க. அன்னிக்கி அவரு உள்ள வேலயில இருந்தாரு. அதுக்கப்பறம் யாரும் பாக்கல" என்றார். வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். உன் அம்மா முறத்தைக் கீழே வைக்கவில்லை. "அவரு பொணத்தப் பாத்தாரா?" என்றாள். இல்லை என்றேன். "அப்பறம் இன்னா?" என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கத் தொடங்கினாள். அன்றைக்கு நம்பிக்கை அத்தனையும் அவளிடம் இருந்தது. என்னிடம் ஒன்றும் இல்லை. அதை அவளிடம் நான் காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது அந்தப் பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மறந்திருக்க மாட்டாய். நீ ஒரே ஒரு முறை விடுமுறைக்கு வந்தபோது உன் பெட்டியிலிருந்து துணி சுற்றி எடுத்தாயே, அந்த ஸ்காட்லாந்து விஸ்கி. சரக்குக் கப்பல் கேப்டன் ஒருவர் உன் வேலை பிடித்துப்போய்க் கொடுத்தது என்றாய். வெள்ளைக் கண்ணாடி, உள்ளே புதுத் தேன் நிறம். ஒட்டியிருந்த தாளில் ஒரு மலையும் ஒரு ஏரியும் வரைந்திருந்தது. "நம்ம ஊரு மாதிரி அங்கயும் ஏரி இருக்குது பாரு" என்று அதைத் தடவிக் காட்டினாய். கரும்பு ஆலைக் கொட்டகையில் நாம் இரண்டு பேர் மட்டும் இருந்தோம், கொப்பரையில் கரும்புச்சாறு கொதித்துக்கொண்டிருந்தது. பித்தளைத் தம்ளரில் கொஞ்சம் ஊற்றி என்னிடம் நீட்டிவிட்டு, அப்பன் முகத்துக்கு எதிரே குடிக்கக் கூடாது என்று நீ முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு உன் பங்கைக் குடித்தாய். மரியாதை தெரிந்த பிள்ளை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த மரியாதையை இப்போது நான் சபிக்கிறேன். நாம் சேர்ந்து குடித்த ஒரே தடவை, உன் முதுகுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் சாராயக்கடையில் குடிப்பது போல மடக்கென்று ஊற்றிக்கொண்டு இருமினேன். நீ திரும்பாமலே சிரித்தாய். "இன்னாப்பா, கஷாயமா குடிக்கற? நாக்குல கொஞ்ச நேரம் உக்கார வையி." "உக்கார வச்சி உபசாரம் பண்ண அது இன்னா சம்பந்தியா?" என்றேன். "அது என்னவிட வயசுல மூத்ததுப்பா. கொஞ்சம் மரியாத குடு" என்றாய். இரண்டாவது முறை நீ சொன்னபடி ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். முதலில் தித்திப்பாக ஒன்று வந்தது. அது போன பிறகு நாக்கின் ஓரத்தில் லேசாக உப்பு. விழுங்கிய பிறகுதான் புகை வந்தது. கரும்புச் சக்கையைப் போட்டு எரிக்கும்போது நம் கொட்டகையில் வருமே, வெல்லமும் கரியும் கலந்த அந்தப் புகை, அதே வாசனை தொண்டைக்குள் இருந்து மூக்குக்கு ஏறியது. எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. அந்த ஊரில் சேற்று நிலத்தை வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள், அந்தப் புகையில் தானியத்தை வாட்டுவார்கள் என்று நீ விளக்கம் சொன்னாய். சேற்றை எரிக்கிறவன் காய்ச்சிய சாராயத்துக்கா இத்தனை பவுசு என்று நான் கிண்டல் செய்தேன். செய்துகொண்டே தம்ளரை இன்னொரு தரம் நீட்டினேன்.

அன்று நீ இரண்டு விஷயம் சொன்னாய். மரப்பீப்பாயில் இருக்கும் வரைதான் அதற்கு வயசு ஏறும், பாட்டிலில் அடைத்துவிட்டால் எத்தனை வருஷம் ஆனாலும் அதே வயசுதான் என்றாய். இன்னொன்று, பீப்பாயில் இருக்கும்போது வருஷா வருஷம் கொஞ்சம் காற்றில் போய்க் குறைந்துகொண்டே இருக்கும், அதை மேலே வானத்தில் இருக்கிறவர்கள் குடிக்கிற பங்கு என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள் என்றாய். சாப்பாடு கொண்டுவந்த உன் அம்மா அப்போது கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். "நம்ம படையல் மாதிரிதான் சொல்லு" என்றாள். "ஆமாம்மா, அப்படித்தான்" என்றாய். மீதியைத் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து முடிக்கலாம் என்று மூடி, உன் பழைய வேட்டியில் சுற்றி, உன் அறை மாடத்தில் வைத்துவிட்டுப் போனாய்.

அந்த மீதியைத்தான் நான் குடித்தேன். புதுச்சேரியில் கப்பலைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருகிற ஒவ்வொரு நாளும், உன் அம்மா கொல்லைப்பக்கம் போனதும் மாடத்திலிருந்து எடுத்து ஒரு வாய். தம்ளரில் ஊற்றினால் வாசனை பிடித்துக்கொள்ளும், அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று பாட்டிலையே வாயில் வைத்துக் குடித்தேன். போதைக்கு இல்லை, ஒரு வாயில் எனக்கு எங்கே போதை வரும்? அந்தப் புகைக்காகத்தான். அது மூக்குக்கு ஏறும்போது கொட்டகை வரும், உன் முதுகு வரும், நீ சிரிக்கும்போது தோள் குலுங்குவது வரும். நாக்கில் அது இருக்கிற வரைக்கும் நீ இருந்தாய். ஒன்று சொல்கிறேன், கேட்டால் உனக்கு வருத்தமாக இருக்கும். திறந்த பாட்டிலில் குறையக் குறையக் காற்று சேர்ந்து அதன் குணம் மாறுகிறது. புகை மங்கிக்கொண்டே வந்தது. கடைசியாகக் குடித்தபோது கண்ணை மூடிக்கொண்டு தேட வேண்டியிருந்தது.

அந்தப் புகையோடு இன்னொன்றும் ஞாபகம் வரும். நீ சின்னப் பையனாக இருந்தபோது, முதல் கொப்பரை வெல்லத்தைப் பிள்ளையாருக்குப் படைக்கும் முன்னால் விரலை விட்டு வழித்து நக்கிவிட்டாய். யார் தொட்டது என்றதற்குத் தெரியாது என்றாய். "வாயத் தொறடா" என்று மோந்து பார்த்தேன். வெல்லப்புகை வாசனை. எச்சில் பண்ணியதற்கு ஒரு அடி, பொய் சொன்னதற்கு இரண்டு அடி. எச்சிலைச் சாமிக்கு வைக்கக் கூடாது, எதுவானாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கு நீட்டி முழக்கினேன். அந்த இரண்டு புத்தியும்தான் இப்போது என்னைச் சந்திக்கு இழுத்துவிட்டன.

பாட்டிலை வெள்ளிக்கிழமை தோறும் உன் அம்மா துடைத்து வைப்பாள். அது எனக்குத் தெரியும். அளவைப் பார்ப்பாள் என்றுதான் தோன்றவில்லை, மடையன். தங்கச்சிக்கு நிச்சயம் ஆன பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னாங்க, இத வந்து பாருங்க. கொறஞ்சிகினே வருது."

"காத்துல போயிருக்கும்."

"இறுக்கி மூடனது எப்பிடிக் காத்துல போவும்? நான் ரொம்ப நாளா பாத்துகினுதான் வரன். அவன்தான சொன்னான், மேல இருக்கறவங்க பங்குன்னு?"

அவள் பாட்டிலை மார்போடு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "வந்து குடிச்சிட்டுப் போறான் எம்புள்ள" என்றாள்.

தம்பி, அழுதுகொண்டு சொல்லியிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை. பிள்ளை ஊருக்கு வந்திருக்கிறான் என்று யாரோ சேதி சொன்னது போல இருந்தது அவள் முகம். நீ செத்துவிட்டாய் என்று அவள் ஒத்துக்கொண்டது அந்த நிமிஷத்தில்தான், ஆனால் நீ வீட்டுக்கு வந்துபோகிறாய் என்ற சந்தோஷத்தோடு சேர்த்து ஒத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த அறையைத் தினமும் பெருக்கினாள், பாய் விரித்து வைத்தாள். மாடத்தைப் பார்த்து, "மாப்புள வூட்டுல இன்னா சொன்னாங்க தெரியுமா?" என்று உன்னிடம் கல்யாணப் பேச்சுப் பேசினாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் வயிறு நிறையச் சாப்பிட்டதைப் பார்த்தேன். நானும் குடிப்பதை நிறுத்தவில்லை. முன்பு எனக்காகக் குடித்தேன், பிறகு அவளுக்காகவும் சேர்த்துக் குடித்தேன் என்று வைத்துக்கொள்.

நம் வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் முதலில் செத்துப்போன பெரியவர்களுக்குப் படைப்பது உனக்குத் தெரியும். எப்போதும் மூன்று இலை. இந்த முறை நாலு என்றாள் உன் அம்மா. கல்யாணம் ஆகாமல் போன பிள்ளை வீட்டுச் சாமி, அவனை விட்டுவிட்டுப் பெண்ணை எப்படி அனுப்புவது என்று பங்காளிகளும் சொன்னார்கள். நாலாவது இலை போட்டுவிட்டால் நீ செத்தவன் கணக்கில் சேர்ந்துவிடுவாய், பிறகு உனக்காக யாரும் கப்பல் பார்க்கப் போக மாட்டார்கள். அது தெரிந்தும் சும்மா இருந்தேன். எனக்கே நம்பிக்கை இல்லாதபோது எதைச் சொல்லித் தடுப்பது?

படையல் அன்று உப்புக்கூடப் பார்க்காமல் சமைத்தாள். உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, வறுத்த மொச்சை, எள்ளடை. நாலாவது இலைக்கு முன்னால் புது வேட்டி மடித்து வைத்து, அதன்மேல் அந்தப் பாட்டிலை வைத்தாள். கற்பூரம் ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வர வேண்டும். நீங்கள் வந்து சாப்பிடுகிற நேரம் அது. அவள் கதவில் கை வைத்தபோது நான் குறுக்கே போய் நின்றேன். உயிரோடு இருந்த பிள்ளையைச் சாமி வெல்லத்தை எச்சில் பண்ணியதற்காக அடித்தவன், செத்த பிள்ளைக்கு என் எச்சிலை வைத்துக் கும்பிடவா? அது ஒரு காரணம். இன்னொன்று, இந்தக் குறைச்சலை வைத்துத்தானே நீ செத்தாய் என்கிறாள், உண்மையைச் சொன்னால் பழைய நம்பிக்கை அவளுக்குத் திரும்பிவிடும் என்று நினைத்தேன். அவளாவது நம்பட்டும் என்று நினைத்தேன்.

"அத எடுத்துடு. எச்சி" என்றேன்.

"யாரு எச்சி?"

"என் எச்சிதான். நான்தான் கொஞ்சம் கொஞ்சமா குடிச்சன். கொறஞ்சது என்னாலதான்."

பங்காளிகளில் யாரோ தூ என்றார்கள். உன் அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டுவாள், மண்ணை வாரி இறைப்பாள் என்று நின்றேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அவன் ஒரு தரங்கூட வரலியா?"

நம்பிக்கையைத் திருப்பிக் கொடுக்கப் போய், இருந்ததையும் பிடுங்கிவிட்டேன். உயிரோடுதான் வரவில்லை, செத்தாவது பிள்ளை வீட்டுக்கு வந்தானே என்று அவள் தேற்றிக்கொண்டு இருந்தாள். அதுவும் இல்லை என்று நடு வீட்டில், நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அவளே உட்கார்ந்து நாலாவது இலையை மடித்தாள். குழம்பு விரலெல்லாம் வழிந்தது. மூன்று இலையோடு கதவைச் சாத்தினார்கள். உன் தங்கச்சி தூணைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் வண்டி ஏறும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை.

உனக்குப் புத்தி சொல்லியே பழகிப்போன வாய் இது. இருக்கிறாயா இல்லையா என்று தெரியாதவனுக்குப் புத்தி சொல்வது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் சொல்கிறேன். எதுவானாலும் உண்மையைச் சொல்லிவிடு என்று உன்னை அடித்துச் சொன்னேனே, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சொல்வதற்கு முன்னால் அதை உன் நாக்கில் கொஞ்ச நேரம் உட்கார வை. கேட்கிறவள் அதை விழுங்குவாளா என்று பார். எங்கேயாவது உயிரோடு இருந்து, உனக்கும் ஒரு பிள்ளை பிறந்து, அவன் வளர்ந்து உனக்கு ஒரு தம்ளர் நீட்டினால், அவன் தோளைப் பிடித்து உன் பக்கமாகத் திருப்பி உட்கார வைத்துக்கொள். ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். முகத்தைப் பார்த்துக்கொண்டு குடி.

கல்யாணம் முடிந்த மறுநாள் உன் அம்மா அந்தப் பாட்டிலைப் பழையபடி மாடத்தில் வைத்தாள். மீதி இருந்த மட்டத்துக்கு நேராகக் கண்ணாடியில் குங்குமத்தைக் குழைத்து ஒரு கோடு போட்டாள். நான் அதற்குப் பிறகு தொடவில்லை. காலையில் எழுந்ததும் அவள் முதலில் போய்ப் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். ஒருநாளும் குறையவில்லை. பார்த்துவிட்டு வந்து அடுப்பு மூட்டுவாள். சாப்பாடு பழையபடி குறைந்துவிட்டது, அறையில் பாய் விரிப்பதில்லை. பேசாமல் ஒரு வாய் குடித்துவிடலாமா என்று எனக்குப் பலமுறை தோன்றியது. மாடத்து வரைக்கும் போனேன். அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் கை வரவில்லை.

இன்று காலையில் நான் கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தபோது, "இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட குரல். போனேன். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். குங்குமக் கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

"நீங்க தொட்டீங்களா?"

"இல்ல. உம்மேல சத்தியம்."

"அப்ப பாருங்க. வந்துட்டுப் போயிருக்கான்."

அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். வெற்றிலை போட்டிருந்தாள், காலையில் போடுகிற வழக்கம் இல்லை. வெற்றிலை வாசனைக்கு அடியில் இன்னொன்று வந்தது. உன் வாயை மோந்து பார்த்த மூக்கு இது, தம்பி, எனக்குத் தப்புமா? வெல்லமும் கரியும் கலந்த அந்தப் புகை. பாட்டிலில் மங்கிப்போனது அவள் மூச்சில் தெளிவாக இருந்தது. ஆயுசுக்கும் ஒரு சொட்டு நாக்கில் வைக்காதவள். கண்ணைச் சிமிட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பதிலுக்காக நின்றாள்.

"ஆமா" என்றேன். "வந்துட்டுதான் போயிருக்கான்."

சொல்லிவிட்டேன். அவள் போய்ப் பாயை எடுத்து விரிக்கிறாள், சத்தம் இங்கே கேட்கிறது. தாளில் மேலே விட்ட இடம் அப்படியே இருக்கட்டும் தம்பி.

உன் அப்பா